அலுமினியப் பானையில் எத்தனை கரி?

இட்லிப் பானை, அண்டா, பால் குண்டான், டிபன் டப்பா... அலுமினியம் இல்லாத வீடு உண்டா? எடை குறைவு. விலை மலிவு. துருப் பிடிக்காது.

வெள்ளை வெளேர் என்று மின்னும் இந்த உலோகத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கதை இருக்கிறது. நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டு ஒரு டன் அலுமினியம் எடுத்தால், 15 டன்னுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கிறது!

பூமியைப் போர்வை போல மூடிச் சூடாக்குவது இந்த வாயுதான். மனிதர்கள் வெளியிடும் வெப்ப வாயுக்களில் நூற்றுக்கு 2 பங்கு அலுமினியத் தொழிலில் இருந்து வருகிறது. அதைக் குறைக்கும்படி இப்போது அரசாங்கங்கள் கெடு வைத்திருக்கின்றன. முடியுமா?

இரு வாலிபர்கள்

ஒரு காலத்தில் அலுமினியம் அரிய பொருள். மண்ணில் ஏராளமாக இருந்தது. ஆனால் பிரித்து எடுக்க எளிய வழி தெரியவில்லை. 1884-ம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கு அலுமினியத்தால் முடி சூட்டினார்கள் என்றால், அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டே வருஷத்தில் நிலைமை மாறியது. 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹால், பிரான்சில் பால் எரூ என்ற இரண்டு வாலிபர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். அதிசயம் என்னவென்றால், இருவரும் பிறந்தது 1863-ல். இறந்தது 1914-ல்!

அவர்கள் காட்டிய வழியில்தான் இன்றும் அலுமினியம் தயாராகிறது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

பாக்சைட் என்ற தாதுவைச் சுத்தம் செய்தால் அலுமினா என்ற வெள்ளைத் தூள் கிடைக்கும். அலுமினியமும் பிராண வாயுவும் சேர்ந்ததே இந்தத் தூள். சுமார் 950 டிகிரி சூட்டில் உருகிய உப்பில் இதைக் கரைப்பார்கள். பெரிய கரிக்கட்டைகளை உள்ளே இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். பிராண வாயு கரியோடு சேர்ந்து கரியமில வாயுவாக வெளியேறும். அலுமினியம் அடியில் தங்கும்.

இப்படிப் போவது டன்னுக்குச் சுமார் ஒன்றரை டன்தான். மீதியில் பெரும்பகுதி மின்சாரத்தால் வருவது. ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 14 ஆயிரம் யூனிட் வேண்டும். மாதம் 100 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு 11 வருஷத்துக்கு மேல் போதுமான மின்சாரம் அது!

மின்சாரத்தைத் தேடி...

ஆகவே இந்தத் தொழில் மின்சாரம் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. தமிழ்நாட்டில் அணைக்கட்டு உள்ள மேட்டூரில் 1965-ல் அலுமினிய உற்பத்தி ஆரம்பமானது. சேர்வராயன் மலை, கொல்லிமலை பாக்சைட் அங்கே வந்தது. 2008-ல் அந்த உற்பத்தி நின்றுவிட்டது.

ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில், தால்சேர் நிலக்கரி வயலுக்குப் பக்கத்தில், மத்திய அரசின் நால்கோ நிறுவனம் 1987-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கென்றே நிலக்கரி மின் நிலையமும் உண்டு. கனடா, நார்வே நாடுகளில் நீர்மின்சாரம் தாராளம். அங்கே டன்னுக்குச் சுமார் 4 டன் கரியமில வாயுவோடு வேலை முடிந்துவிடுகிறது. உலோகம் ஒன்றுதான், மின்சாரம்தான் வேறு.

இரவில் என்ன செய்வது?

அப்படியானால் சூரிய மின்சாரத்துக்கு மாறினால் என்ன? மாறலாம். ஆனால் சூரியன் மாலையில் மறைகிறான். அலுமினியத் தொட்டிக்கோ ஓய்வே கூடாது. சில மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டால் உள்ளே இருப்பது கல்லாக உறைந்துவிடும். மறுபடி ஓட வைக்கப் பெரும் செலவு. எனவே பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தர வேண்டும்.

கரிக்கட்டைக்கும் மாற்று தேடுகிறார்கள். கனடாவில் அல்கோவா, ரியோ டின்டோ என்ற இரு நிறுவனங்கள் 2018-ல் கூட்டுச் சேர்ந்தன. கரி இல்லாத கட்டையை உபயோகிப்பது அவர்கள் திட்டம். அப்போது கரியமில வாயுவுக்குப் பதில் பிராண வாயு வெளிவரும்!

கெடு நெருங்குகிறது

2070-ல் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவது இந்தியாவின் குறிக்கோள். டன்னுக்கு எவ்வளவு வாயு வெளிவரலாம் என்று, 2025 அக்டோபரில் அலுமினியத் தொழிற்சாலைகளுக்கு மத்திய அரசு அளவு நிர்ணயித்தது. அளவுக்குக் கீழே இறங்கினால் லாபம். மீறினால் செலவு.

ஐரோப்பாவும் 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதி அலுமினியத்துக்குக் கரிக் கட்டணம் கணக்கிடுகிறது. கரியைக் குறைக்காத தொழிற்சாலையின் சரக்கு அங்கே விலை போவது கஷ்டம். அதை நம்பியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் கஷ்டம்.

அலுமினியமே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. மின்கம்பிக்கு அது வேண்டும். சூரிய மின்தகட்டின் சட்டத்துக்கும் அதுவே வேண்டும்!

பழசுக்கு மவுசு

வீட்டிலும் ஒரு வழி இருக்கிறது. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிது செய்ய, தாதுவில் இருந்து எடுக்கும் செலவில் நூற்றுக்கு 5 பங்கு சக்தியே போதும். எத்தனை முறை உருக்கினாலும் அது அலுமினியம்தான். தேவை வளர்ந்துகொண்டே போவதால் பழசு மட்டும் போதாது. ஆனாலும், உருக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் அந்த அளவு நிலக்கரி மிச்சம்.

ஓட்டைக் குண்டானைக் குப்பையில் எறியாதீர்கள். பழைய சாமான்காரர் தெருவில் குரல் கொடுக்கும்போது, பரணில் கிடப்பதை எடுத்துப் போடுங்கள்.