எர்த் குழிக்குள் போன மின்சாரம் எங்கே போகிறது?

வயர்மேன் டெஸ்டரை பேஸ் துளைக்குள் விட்டு, அதன் பின்மூடியை விரலால் தொட்டதும் உள்ளே இருக்கும் நியான் விளக்கு செம்மஞ்சளாக மினுங்கும். விரலை எடுத்தால் அணைந்துவிடும். ஏனென்றால் அந்த விளக்குக்கு இன்னொரு வயராக நிற்பது அவருடைய உடம்புதான். உள்ளே சுமார் பத்து லட்சம் ஓம் மின்தடை இருப்பதால் கால் மில்லியாம்பியருக்கும் குறைவாகத்தான் ஓடுகிறது, உறைப்பதில்லை. கையில் ஏறி, கால் வழியாகத் தரையில் இறங்குகிறது. சரி, அதற்குப் பிறகு?

"பூமிக்குள் போய் அடங்கிவிடும்" என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம். மின்சாரம் அப்படியெல்லாம் அடங்காது. புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பியாக வேண்டும். புறப்பட்ட இடம், தெருமுனையில் கம்பங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மர். 11,000 வோல்ட்டை வாங்கி நமக்குக் குறைத்துத் தரும் அதன் மூன்று சுருள்களும் ஒரு முனையில் ஒன்றுசேர்கின்றன. அந்தப் புள்ளிதான் நியூட்ரல். கம்பத்தை ஒட்டி மண்ணுக்குள் இறங்கும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்த நியூட்ரலை மண்ணோடு கட்டிப்போடத்தான் அப்படி இறக்குகிறார்கள். டெஸ்டர் எரிவதும், வெறுங்காலோடு பேஸைத் தொட்டால் ஷாக் அடிப்பதும் அந்தக் கட்டினால்தான்.

அப்படியானால் கட்டை அவிழ்த்துவிட்டால் என்ன? ஆபரேஷன் தியேட்டர்களில் தனி டிரான்ஸ்பார்மர் வைத்து அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே கம்பி எங்காவது உரசினால் உடனே அலறும் கருவி உண்டு. தெருவில் யாரோ ஒருவர் வீட்டு மோட்டாரில் ஒரு பேஸ் மண்ணைத் தொட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த நொடியிலிருந்து எல்லா வீட்டிலும் நியூட்ரல் தரைக்கு 230 வோல்ட் மேலே நிற்கும், மற்ற இரண்டு பேஸும் 400 வோல்ட்டில் நிற்கும். டிரான்ஸ்பார்மருக்குள் 11,000 வோல்ட் சுருள் நம் பக்கத்துச் சுருளோடு ஒட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். ஷாக் அடிக்கும் என்று தெரிந்தே கட்டிவைத்திருக்கிறார்கள்.

அந்த 230 ஒரு சமரச எண். பிரிட்டனில் 240, ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் 220 என்றிருந்ததை ஒன்றாக்க நடுவில் ஒரு எண்ணைப் பிடித்து, கூடக்குறைய இருக்கலாம் என்று வரம்பையும் தாராளமாக வைத்தார்கள். பிரிட்டிஷ்காரர் வழியில் 240 என்று சொல்லிவந்த நாமும் 230-க்கு வந்துவிட்டோம். அலையின் உச்சத்தில் அது 325 வோல்ட். நொடிக்கு நூறு முறை அந்த உச்சத்தைத் தொடுகிறது. ஜப்பானியர்களுக்கு 100 வோல்ட்தான். ஷாக் கொஞ்சம் சாது, ஆனால் நமக்கு 9 ஆம்பியர் இழுக்கும் 2000 வாட் கீசர் அங்கே 20 இழுக்கும்; வயரும் அதற்கேற்பத் தடிக்க வேண்டும்.

இனி வீட்டு எர்த். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும், மேலே கோடையில் தண்ணீர் ஊற்ற ஒரு புனல். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். உப்பு அந்த ஈரத்தில் கரைந்து மின்சாரத்துக்கு வழிவிடும், கூடவே பைப்பையும் அரித்துக்கொண்டிருக்கும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளம்: முதலில் தொட்டு, கடைசியில் விலகுவதற்காக. தடிமனாக இருப்பது, தவறிப்போய்க்கூட பேஸ் துளைக்குள் நுழையாமல் இருப்பதற்காக.

இவ்வளவும் இருந்தும் ஒரு கணக்கு உதைக்கிறது. உங்கள் குழி 5 ஓம், டிரான்ஸ்பார்மர் குழி 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம், மோசமில்லாத குழிகள்தான். கீசருக்குள் பேஸ் வயர் உரிந்து அதன் உடம்பைத் தொட்டுவிட்டது. 230-ஐப் பத்தால் வகுத்தால் 23 ஆம்பியர். 32 ஆம்பியர் மெயின் எம்சிபி அசையாது. 16 ஆம்பியர் எம்சிபி என்றாலும் சூடேறி விழுவதற்கு வெகுநேரம் ஆகும். அதுவரை 5,000 வாட்டுக்கு மேல் இரண்டு குழிகளிலும் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். கீசரின் உடம்பு 115 வோல்ட்டில் நிற்கும். எர்த் போட்டாயிற்று என்று நிம்மதியாக அதைத் தொட்டால் தொலைந்தோம்.

இந்த ஓட்டையை அடைக்கிறது ஆர்சிசிபி. பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே இரும்பு வளையத்துக்குள் விடுகிறார்கள். போனதும் வந்ததும் சமமாக இருந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கொஞ்சம் மண் வழியாக நழுவினாலும் கணக்கு இடிக்கும். வளையத்தில் சுற்றிய சிறு சுருள் அதை உணர்ந்து சுவிட்சைத் தட்டிவிடும். வீடுகளுக்கு 30 மில்லியாம்பியர் எல்லை, அதாவது ஏழு வாட் பல்பு இழுக்கும் அளவு. கலிபோர்னியாவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல், தன்னார்வலர்கள் கையில் மின்கம்பியைக் கொடுத்து, எந்த அளவுக்கு மேல் அதை விடமுடியாமல் விரல்கள் இறுகிக்கொள்கின்றன என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. பிடித்த கையை விட முடியாத அளவுக்கு மேலேதான் இந்த எல்லை இருக்கிறது. இதயம் தடுமாறுவதற்குள் இணைப்பை வெட்டிவிடும் வேகம்தான் உயிரைக் காக்கிறது.

ஆர்சிசிபியில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். சுவிட்ச் விழாவிட்டால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான். ஆனால் விழுந்தால் எர்த்தும் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தப் பட்டன் வளையத்தைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிவிடுகிறது, மண்ணுக்கு அதில் வேலையே இல்லை. குழி எத்தனை ஓம் என்பதை எர்த் டெஸ்டர் வைத்துத் தனியாகத்தான் அளக்க வேண்டும், அதுவும் மண் காய்ந்து கிடக்கும் சித்திரை வைகாசியில்.