பாடகர் குழுவின் கதவு யாருக்குத் திறக்கிறது? கத்தோலிக்கப் பள்ளிகளின் இசைக்கல்வியும் தலித் சிறுவர்களின் உரிமையும்

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சுரக்குறிப்பைப் படிக்கவும் ஒரு கருவியை வாசிக்கவும் முறையாகக் கற்றுத் தருவதைப் பலரும் பொழுதுபோக்காகவே பார்க்கின்றனர். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இசைக்கல்வி ஒரு தொழிலைத் தந்திருக்கிறது. ஊரைவிட்டு வெளியேறும் வழியைத் தந்திருக்கிறது. சமூக மதிப்பைத் தந்திருக்கிறது. ஆகவே அந்தக் கல்வி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பது உரிமைப் பிரச்சினை. கத்தோலிக்கப் பள்ளிகளை முன்வைத்து இந்தப் பிரச்சினையின் வரலாற்றையும் சட்டநிலையையும் இங்கு விளக்க முயல்கிறோம்.

சிறுவர் குரல் ஏன் தேவைப்பட்டது?

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் பாடகர் குழு என்பது நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமான இடமாக இருந்தது. 1903 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட திருவழிபாட்டு இசை குறித்த ஆணை, பெண்களைப் பாடகர் குழுவில் சேர்க்கலாகாது என்றும், உச்சக்குரல் தேவைப்படும் இடங்களில் சிறுவர்களையே பயன்படுத்த வேண்டும் என்றும் கூறியது. பெண்களை விலக்கியதன் விளைவே சிறுவர் பாடகர் பள்ளிகளின் முக்கியத்துவம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் பாடகர் பள்ளி 1901-இல் தொடங்கப்பட்டது. குரல் தேர்வில் தேறும் சிறுவர்கள் அங்கே விடுதியில் தங்கிப் பொதுப்பாடங்களுடன் இசையையும் நாள்தோறும் பயில்கின்றனர்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்தப் பார்வையை விரிவாக்கியது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 115-ஆம் எண், குருமடங்களில் மட்டுமல்லாமல் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசை கற்பிப்பதற்குப் பெரும் முக்கியத்துவம் தரவேண்டும் என்கிறது. பாடுவோருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, முறையான பயிற்சி தரவேண்டும் என்றும் கூறுகிறது. 119-ஆம் எண், மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குச் சொந்தமான இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்கக் கோருகிறது. இந்த இரு எண்களையும் சேர்த்துப் படித்தால் பறை கற்பிக்கும் கத்தோலிக்கப் பள்ளி விதிவிலக்காக அல்ல, விதியாகவே இருந்திருக்க வேண்டும்.

கோவா தரும் பாடம்

இந்தியாவில் சிறுவர்களுக்கான கத்தோலிக்க இசைக்கல்வி மிக ஆழமாக வேரூன்றிய நிலம் கோவா. போர்ச்சுகீசிய ஆட்சியில் 16-ஆம் நூற்றாண்டு முதல் உருவான பங்குப் பள்ளிகளில் சிறுவர்கள் எழுத்துடன் இசைக்குறிப்பையும் கற்றனர், வயலின் பயின்றனர், திருப்பலியில் பாடினர். பள்ளியையும் பாடகர் குழுவையும் நடத்தியவர் 'மெஸ்திரி' என அழைக்கப்பட்ட இசை ஆசிரியர்.

இந்தப் பயிற்சி பெற்றவர்கள் பிற்காலத்தில் அரண்மனை இசைக்குழுக்களிலும் காவல்துறை பேண்டு குழுக்களிலும் ஊமைப்படக் கொட்டகைகளிலும் வேலை பெற்றனர். பம்பாய் இந்தித் திரைப்பட இசையின் பொற்காலத்தை ஆண்டனி கொன்சால்வஸ், செபாஸ்டியன் டிசூசா போன்ற கோவா இசைஞர்கள் இல்லாமல் எண்ணிப் பார்க்க இயலாது. பங்குப் பள்ளியில் கிடைத்த இலவசப் பயிற்சி ஒரு தொழில் வர்க்கத்தையே உருவாக்கியது.

ஆனால் அதே கோவாவில் ஆலயச் சகோதரத்துவச் சபைகள் சாதி அடிப்படையில் பிரிந்திருந்தன. பல ஊர்களில் மேல்நிலைச் சபைகள் பிராமண, சார்தோ கிறித்தவர்களுக்கே உரியவையாக இருந்தன. இசையைப் பரவலாக்கிய நிறுவனமே சாதிப் படிநிலையையும் காத்தது. கற்பிப்பதனால் மட்டும் சமத்துவம் வந்துவிடுவதில்லை என்பதே கோவா நமக்குத் தரும் பாடம்.

தமிழ்நாட்டின் நிலை

கரும்பாலை ஊரான நெல்லிக்குப்பமும் பழுப்பு நிலக்கரி நகரியமான நெய்வேலியும் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருச்சபை அமைப்பில் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்டவை. இதே உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் தனிப்பங்கு கோரிய தலித் கிறித்தவர்கள் 2008 மார்ச் 9 அன்று சாதிக் கிறித்தவர்களால் தாக்கப்பட்டனர். அன்றைய காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். 2022-இல் இங்குப் புதிய பேராயர் நியமிக்கப்பட்டபோது தலித் கிறித்தவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். தலித் ஆயர் நியமனம் தொடர்ந்து தவிர்க்கப்படுகிறது என்பதே அவர்களின் குற்றச்சாட்டு.

பாடகர் குழுவிலும் பீடப் பணியிலும் தலித் சிறுவர்களுக்கு இடம் மறுக்கப்படுகிறது என்பது தலித் கிறித்தவ இயக்கங்கள் நீண்டகாலமாக முன்வைக்கும் புகார். இதன் கல்விசார் விளைவு போதிய அளவு பேசப்படவில்லை. பெரும்பாலான ஊர்களில் ஓர் ஏழைச் சிறுவனுக்குக் கீபோர்டைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் ஆலயம்தான். பாடகர் குழுவிலிருந்து விலக்கப்படும் சிறுவன் வழிபாட்டிலிருந்து மட்டுமல்ல, தன் ஊரின் ஒரே இசைப்பள்ளியிலிருந்தும் விலக்கப்படுகிறான்.

திருச்சியில் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் 1977-இல் தொடங்கிய கலைக் காவிரி, கருநாடக இசையையும் பரதநாட்டியத்தையும் பல்கலைக்கழகப் பட்டமாகக் கற்பிக்கும் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. கத்தோலிக்க நிறுவனம் ஒன்று இசைக்கல்வியில் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஆயினும் பள்ளிப் பருவத்தில் இசையின் அடிப்படையே கிடைக்காத பிள்ளை கல்லூரி வாசலை எட்டுவது அரிது.

எந்த இசை கற்பிக்கப்படுகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. மேற்கத்திய இசைக்குத் தனியார் தேர்வுக் கட்டணம் தடை. கருநாடக இசைக்குச் சாதிச் சூழல் தடை. தஞ்சை மரபில் மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, கட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தோரில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்தவர் பர்லாந்து. அந்த வரலாற்றை எழுதிய டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை 2020-இல் வெளியிட அனுமதித்த கலாக்ஷேத்ரா, பின்னர் அரங்கத்தைத் தர மறுத்தது. கருவியைச் செய்தவர்களின் பெயரை உரக்கச் சொல்வதே இவ்வளவு கடினமெனில், அவர்களின் பிள்ளைகள் அதை மேடையில் வாசிப்பது எவ்வளவு கடினம்!

மாற்று வழிகளும் இருக்கின்றன. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையையே விடுதலை இறையியலின் மொழியாக்கினார். அவர் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். திண்டுக்கல்லில் கத்தோலிக்க அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களுக்குப் பறையைப் பயிற்றுவிக்கிறது. இழிவின் அடையாளமாகத் திணிக்கப்பட்ட கருவி அங்கே தன்மதிப்பின் கருவியாகிறது. சாவுக்கு அடிக்கும் கட்டாயத்தை மறுப்பதும் பறையைக் கலையாகக் கற்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கட்டாயத்தை நீக்கினால்தான் கலை மிஞ்சும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலாவது, சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 30(1) ஆம் பிரிவு அளிக்கிறது. அந்தச் சிறுபான்மையினருக்குள் தலித் கிறித்தவர்களும் அடங்குவர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, இந்தியாவின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என ஒப்புக்கொண்டது. பெரும்பான்மையினரின் பெயரால் பெறப்படும் உரிமையின் பயன் அந்தப் பெரும்பான்மையினருக்குச் சேர வேண்டும்.

இரண்டாவது, அரசு நிதியுதவி பெறும் எந்தப் பள்ளியும் சாதியை மட்டும் காரணமாக்கி ஒரு குடிமகனுக்குச் சேர்க்கையை மறுக்க 29(2) ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல.

மூன்றாவது, கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 13-ஆம் பிரிவு சேர்க்கையின்போது குழந்தைகளை வடிகட்டும் தேர்வுகளைத் தடை செய்கிறது. குரல் தேர்வு வைத்துச் சேர்க்கை வழங்குவதும் வடிகட்டலே என வாதிட இடமுண்டு. ஆனால் 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளை இச்சட்டத்திலிருந்து முழுமையாக விலக்கியது. அந்தத் தீர்ப்பின் சரித்தன்மையை 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஐயுற்று, பெரிய அமர்வின் பரிசீலனைக்குப் பரிந்துரைத்தது.

நான்காவது, 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி தலித் கிறித்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துகிறது. எனவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. இதனால் சட்டமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955 தீண்டாமையின் பேரில் 'எந்த ஒரு நபருக்கும்' இழைக்கப்படும் விலக்கலைக் குற்றமாக்குகிறது. கல்வி நிறுவனத்திலோ விடுதியிலோ சேர்க்க மறுப்பது அதன் 5-ஆம் பிரிவின்கீழ் வரும். ஆனால் தீண்டாமையே காரணம் எனக் கருதிக்கொள்ளும் 12-ஆம் பிரிவின் சட்ட அனுமானம் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே கிடைக்கும்; தலித் கிறித்தவர் அதை மெய்ப்பித்தாக வேண்டும். ஆகவே மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெறுவதும், தேதியுடன் பதிவு செய்வதும், சாட்சிகளைக் குறித்துவைப்பதும் முதல் நாளிலிருந்தே தேவை.

பாதுகாப்பும் ஒரு நிபந்தனை

விடுதியுடன் கூடிய இசைப்பயிற்சியில் ஆசிரியரின் அதிகாரம் எல்லையற்றதாகிவிடும் அபாயம் உண்டு. செருமனியின் ரீகன்ஸ்பர்க் பேராலயச் சிறுவர் பாடகர் பள்ளியில் குறைந்தது 547 சிறுவர்கள் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானதை 2017-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை வெளிக்கொணர்ந்தது. இசையின் பெயரால் தரப்படும் வாய்ப்பு மௌனத்துக்கான விலையாகிவிடக் கூடாது. போக்சோ சட்டம், 2012 குற்றத்தை அறிந்தவர் புகாரளிப்பதைக் கட்டாயமாக்குகிறது. திருச்சபை அதிகாரிகளும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே.

நாம் கோருவது

கத்தோலிக்கப் பள்ளிகள் இசை வகுப்பைக் கட்டணப் பயிற்சியாக அல்லாமல் பள்ளி நேரத்துப் பாடமாக வைக்க வேண்டும். பாடகர் குழுத் தேர்வின் அளவுகோல்களை அறிவிப்புப் பலகையில் வெளியிட வேண்டும். வயலினுக்கும் கீபோர்டுக்கும் நிகராகப் பறையும் தவிலும் ஊதியம் பெறும் ஆசிரியர்களால் கற்பிக்கப்பட வேண்டும். பெண்பிள்ளைகளும் சமமாகச் சேர்க்கப்பட வேண்டும். 2016-ஆம் ஆண்டுக் கொள்கையின்படி தலித் மாணவர்களின் சேர்க்கை விவரத்தை ஒவ்வொரு மறைமாவட்டமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. இசை வகுப்புக்கான வழிகாட்டலைத் திருச்சபை 1963-இலேயே எழுதிவிட்டது. தலித் மேம்பாட்டுக்கான உறுதியை 2016-இல் அதுவே அளித்தது. அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குமுன் பங்குப் பேரவைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இந்தக் கோரிக்கைகளை எழுத்தில் அளிப்போம். பதிலையும் எழுத்திலேயே கேட்போம்.