சிறு விமானங்களின் கால் முறிவது ஏன்?

விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தாழ்ந்துவந்து ஒரு விமானம் தரையைத் தொடுமாயின், அதன் சக்கரக் கால்கள் தாங்கும் மோதல், அதே விமானத்தை 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் உண்டாவதற்குச் சமமாகும். வேகம் 2 மீட்டரானால் அவ்வுயரம் 20 சென்டிமீட்டர். 3 மீட்டரானால் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர். வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும் என்னும் பாடத்துக்கு இதனினும் தெளிவான உதாரணம் அரிது. சிறு விமானங்களின் ‘லாண்டிங் கியர்’ என்னும் சக்கரத் தொகுதி, பொதுவாக விநாடிக்கு 2.1 முதல் 3 மீட்டர் வரையுள்ள தாழ்வு வேகத்தைத் தாங்குமாறு வகுக்கப்படுகிறது.

நேர் மோதலைத் தாங்குமளவு பக்கவாட்டு விசையைக் கால்கள் தாங்குவதில்லை. 1958-இல் பெங்களூரில் முதன்முதல் பறந்த புஷ்பக் போன்ற வால்சக்கர விமானங்களில், பாரமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னே அமைந்துள்ளது. தரையில் ஓடும் விமானம் சற்றே திரும்பினாலும், பாரமையம் முந்திச் செல்ல முனைந்து அத்திருப்பத்தை மேலும் பெருக்கும். விமானம் சுழல, வெளிப்புறத்துக் கால் மடிந்துவிடும். மூக்குச் சக்கரமுள்ள ஹன்ஸா-3 போன்றவற்றில் இத்தொல்லை குறைவு. ஆனால், மிகு வேகத்தில் இறங்கித் துள்ளும் விமானத்தை அவசரப்பட்டுக் கீழே அழுத்தும் விமானி, முழு அடியையும் மூக்குக் காலின்மேல் சுமத்திவிடுகிறார்.

உள்ளிழுக்கும் கால்களில் எண்ணெய்க் கசிவும் பம்புப் பழுதும் நேர்வதுண்டு. அவற்றுக்குக் கைப்பம்பு முதலிய மாற்று ஏற்பாடுகள் உள்ளன. காலை இறக்க விமானியே மறந்துவிட்டால் எச்சரிக்கை மணியும் விளக்குமே துணை.

எஞ்சிய காரணம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது. பயிற்சி விமானம் ஒரு மணி நேரத்தில் பல தடவை தரையைத் தொட்டு எழும்புகிறது. ஒவ்வொரு தடவையும் கால் சிறிது வளைந்து நிமிர்கிறது. போல்ட் துளையின் விளிம்பிலோ, துரு அரித்த குழியிலோ மயிரிழை போன்றதொரு வெடிப்புத் தோன்றி, மெல்ல மெல்ல வளர்கிறது. முடிவில் ஒருநாள், மென்மையான இறக்கத்திலேயே கால் முறிகிறது. உலோகச் சோர்வு எனப்படுவது இதுவே. பழியோ, அன்று விமானத்தை இறக்கிய மாணவன்மேல் விழுகிறது!

முறிந்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் உண்மை விளங்கும். சோர்வால் வளர்ந்த பகுதி வழவழப்பாக, பெரும்பாலும் சிப்பி ஓட்டின் வரைகளைப் போன்ற வளைகோடுகளுடன் காணப்படும். இறுதியில் முறிந்த பகுதி சொரசொரப்பாக இருக்கும். ஒரே அடியில் முறிந்த காலில் இக்கோடுகள் இரா. ஆதலின், முறிந்த துண்டுகளைத் தேய்த்துத் துடைத்தலும், ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தலும் கூடா. அவற்றை உலர்ந்த நிலையில் தனித்தனியே பொதிந்து பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.