குடியை விட்ட பெண் குடியிருக்க வீடு எங்கே?

30 நாள் சிகிச்சை முடிந்த பிறகுதான் ஆபத்தே ஆரம்பம்!

நெய்வேலி:-

நெய்வேலியில் "குவார்ட்டர்ஸ்" என்றால் வீடு. டாஸ்மாக் கடை வாசலில் "குவார்ட்டர்" என்றால் 180 மில்லி பாட்டில். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தில் சில குடும்பங்களின் தலையெழுத்தே அடங்கி இருக்கிறது.

குடிக்கிற ஆணைப் பற்றி ஊரே சத்தம் போட்டுப் பேசுகிறது. குடிக்கிற பெண்ணைப் பற்றி கிசுகிசுக்கிறது. குடியை விட்டுவிட்ட பெண்ணைப் பற்றி? வாயே திறப்பது இல்லை.

பஸ் நிலையத்தில் பெட்டியோடு

ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வயது 35. புருஷன் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. உடம்பு வலி என்று புருஷன் வைத்திருந்த பாட்டிலில் இருந்து முதலில் ஒரு மூடி. தூக்கம் வரவில்லை என்று அப்புறம் இரண்டு மூடி. நைட் ஷிப்டு வாரங்களில் கணக்கே இல்லை. ஒரு நாள் காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது.

அண்ணன் வந்து சென்னையில் சிகிச்சைக்குச் சேர்க்கிறார். ஒரு மாதம். குடி நின்றுவிட்டது. முகத்தில் களை வந்துவிட்டது. சுமார் 200 கிலோ மீட்டர் பஸ்சில் வந்து, நெய்வேலி பஸ் நிலையத்தில் பெட்டியோடு இறங்குகிறாள்.

இறங்கி எங்கே போவாள்?

குவார்ட்டர்ஸ் புருஷன் பெயரில். அலமாரியில் அதே பாட்டில். அதே அடுப்படி, அதே சாயங்காலம் ஆறு மணி. டவுன்ஷிப்பில் ஒரு வட்டத்தில் தும்மினால் அடுத்த வட்டத்தில் கேட்கும். "எங்க போயிருந்தீங்க அக்கா, ஒரு மாசமா காணோமே?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் முன்பே தெரியும்!

அம்மா வீட்டுக்குப் போனால், "நாலு நாள் இருந்துட்டுப் போம்மா" என்பார்கள். அஞ்சாவது நாள்?

பெண்களும் குடிக்கிறார்களா?

குடிக்கிறார்கள். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு புட்டுப் புட்டு வைத்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு அது. 100 ஆண்களில் 27 பேர் மது அருந்துகிறார்கள். பெண்களில் 1.6 சதவீதம். அதாவது 1,000 பெண்களுக்கு 16 பேர்.

"அவ்வளவுதானே" என்று தள்ளிவிடலாம். அங்கேதான் தப்பு நடக்கிறது. எண்ணிக்கை குறைவு என்பதாலேயே படுக்கைகள், வார்டுகள், விடுதிகள் எல்லாம் ஆண்களுக்கு என்றே கட்டப்பட்டு விட்டன.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை பெறுகிறவர் 180 பேருக்கு ஒருவர்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததே, நினைவு இருக்கிறதா? செத்தவர்களில் பெண்களும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம் பகுதியில் நடந்த சாராயச் சாவிலும் பெண்கள் இருந்தார்கள். எப்.ஐ.ஆரிலும் பிணவறைப் பட்டியலிலும் இடம் பெற்ற பிறகுதான், "இவங்களும் குடிச்சாங்களா?" என்று ஊர் கேட்டது.

பெண்ணின் உடம்பு மதுவை ஆணைவிட மோசமாக வாங்குகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உடம்பில் நீரின் அளவு குறைவு. அதனால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் சாராயம் அதிகம் ஏறும். கல்லீரல் சீக்கிரம் கெடும். ஆணைக் கவிழ்ப்பதைவிடச் சீக்கிரமே பெண்ணைக் கவிழ்த்துவிடும்.

ஒரு மனைவியின் கதை

தமிழ்நாட்டில் குடியை "நோய்" என்று ஊரறியச் செய்ததில் பெரும் பங்கு ஒரு பெண்ணுக்கு. அவர் சாந்தி ரங்கநாதன். முன்னாள் நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவர். பணத்துக்குப் பஞ்சம் இல்லாத குடும்பம். ஆனாலும் 1979-ல் குடி கணவரைக் கொண்டுபோய் விட்டது.

மூலையில் உட்கார்ந்து அழவில்லை அவர். அமெரிக்காவில் உள்ள ஹேசல்டன் மையத்துக்குப் போய் பயிற்சி பெற்றார். 1980-ல் கணவர் பெயரில் சென்னையில் அறக்கட்டளை தொடங்கினார். அதுதான் இந்திரா நகர் டி.டி.கே. ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. 1989-ல் இருந்து மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டும் சிகிச்சை அளித்தார்கள். குடிக்கிறவருக்கு மட்டும் இல்லை, மனைவிக்கும் ஆலோசனை. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அங்கே கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று. விஷத்தை உடம்பில் இருந்து இறக்குவது சில நாள் வேலை. குடிக்காமல் வாழப் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களைக் கழிக்க ஓர் இடம் வேண்டும். குடிகாரக் கணவர் வீடு திரும்பினால், பார்த்துக்கொள்ள மனைவி இருப்பாள். மனைவியே நோயாளி என்றால் யார் இருப்பார்கள்?

பூட்டப்போன வீட்டைப் பிடித்தவர்கள்

அமெரிக்காவில் 1975-ல் ஒரு சம்பவம். மேரிலாண்ட் மாகாணத்தில் குடியை விட்டவர்கள் தங்கி இருந்த விடுதியை, பணம் இல்லை என்று மூட முடிவு செய்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வீதிக்குப் போகவில்லை. தாங்களே அந்த வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள்!

"ஆக்ஸ்போர்டு வீடு" என்று பெயர் வைத்தார்கள். வார்டன் கிடையாது. வாட்ச்மேன் கிடையாது. வாடகையை எல்லோரும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். எந்த முடிவும் ஓட்டுப் போட்டுத்தான். மறுபடி குடித்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இன்று அந்த நாட்டில் இப்படி 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பெண்களுக்குத் தனி வீடு உண்டு. பிள்ளைகளோடு தாய் தங்கும் வீடும் உண்டு.

அங்கேயும் பெண்கள் வெட்கப்பட்டு ஒளிந்தவர்கள்தான். ஜனாதிபதி போர்டின் மனைவி பெட்டி போர்டு, தனக்கு மதுவும் மாத்திரையும் பழக்கம் என்று 1978-ல் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. 1982-ல் அவர் தொடங்கிய மையத்தில் பாதிப் படுக்கை பெண்களுக்கு என்று பிடிவாதமாக ஒதுக்கினார். இங்கே ஒரு மந்திரி மனைவி அப்படிச் சொல்வாரா? யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவிலும் வழி இல்லாமல் இல்லை. புனேயில் டாக்டர் அனிதா அவசட், கணவர் அனில் அவசட் இருவரும் 1986-ல் தொடங்கிய முக்தாங்கண் மையம், பின்னாளில் "நிஷிகந்த்" என்ற பெயரில் பெண்களுக்கே தனிப் பிரிவு ஏற்படுத்தியது. பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனையிலும் பெண்களுக்குத் தனி வார்டு உண்டு. ஆனால் நெய்வேலிப் பெண்ணுக்கு புனே எந்தத் திசை?

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்பு சட்டத்தைப் புரட்டினால் ஆச்சரியம் காத்திருக்கிறது. குடி, போதையால் வரும் மனக் கோளாறும் அந்தச் சட்டத்துக்குள் வரும். சிகிச்சை முடிந்தவர்கள் தங்க இடைநிலை இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும் என்று 18-வது பிரிவு சொல்கிறது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சிகிச்சையில் இருக்கும் தாயிடம் இருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 21-வது பிரிவு.

"பிள்ளையை யார் பார்ப்பாங்க?" என்ற ஒரே கேள்வியால் சிகிச்சைக்கே போகாத பெண்கள் உண்டு. அவர்களுக்கு இந்தப் பிரிவு தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. பல வருடம் குடித்தவர் பட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். டாக்டர் மேற்பார்வை வேண்டும். போர்டு மாட்டிய இடம் எல்லாம் சிகிச்சை மையம் அல்ல. பதிவு பெறாத மையங்களில் கட்டிப்போட்டு அடித்ததாகப் போலீசில் வழக்குகள் பதிவாகி இருக்கின்றன. பெண்ணைச் சேர்க்கும் முன் பதிவுச் சான்று இருக்கிறதா, இரவில் பெண் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். காசு கிடையாது.

நாலு அறை போதும்

நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் வடலூர். வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. பசியோடு வருகிறவருக்கு சோறு கிடைத்துவிடும். ராத்திரி படுக்க?

இதற்குப் பெரிய கட்டிடம் எல்லாம் வேண்டாம். நாலு அறை, ஒரு சமையல்கட்டு, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள். ஆறு பெண்கள் வாடகையைப் பங்கு போடலாம். தையலோ, மெஸ் சமையலோ, கடை வேலையோ கிடைத்தால் பங்கு கட்டிவிடுவார்கள். டவுன்ஷிப்பில் ஆஸ்பத்திரி இருக்கிறது, மாதர் சங்கங்கள் இருக்கின்றன. நகரத்தையே திட்டம் போட்டுக் கட்டிய ஊருக்கு ஒரு வீடு பெரிய காரியமா?

ஆனால் டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்திலோ வடலூரிலோ அந்த ஆறு பேர் வாடகை வீடு தேடிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் அட்வான்ஸ் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்:

"வீட்டுக்காரரு என்ன பண்றாருமா?"