நூலின் வலிமையும் நெகிழ்ச்சியும்

"நூல் கெட்டியாகத்தான் இருக்கிறது; தறியில் ஏற்றினால் மட்டும் அறுகிறது" என்னும் முறையீட்டை மதுரைச் சுற்றுவட்டாரத்து நெசவாளர் சங்கங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். சிட்டத்தை இழுத்துப் பார்த்து வாங்கிய நிர்வாகக் குழுவினர் நெசவாளர் கையைக் குறை கூறுவர். நெசவாளர் நூலைக் குறை கூறுவர். அறுந்த இழையைப் பிணைக்கும் நேரம் கூலியற்ற நேரமாதலின், இவ்வழக்கு சிறிதன்று.

பருத்தி, பட்டு, ரப்பர், நைலான் யாவும் பாலிமர் எனப்படும் பொருள்களே. சிறு மூலக்கூறுகள் கண்ணி கண்ணியாய்க் கோத்துக்கொண்ட நெடுஞ்சங்கிலியே பாலிமர். ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மானிய வேதியியலார் 1920-ல் இக்கருத்தை வெளியிட்டபோது ஏற்றவர் சிலரே. 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பருத்தியில் கண்ணியாய் அமைவது குளுக்கோஸ். சங்கிலியின் பெயர் செல்லுலோஸ்.

ரப்பரில் இச்சங்கிலிகள் சிக்குண்ட நூல்போலச் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் சுருள் நீளும், விட்டால் மீளும். தன் நீளத்தைப்போல் 5 மடங்குக்கு மேலும் நல்ல ரப்பர் நீளும். பருத்தியிலோ சங்கிலிகள் பெரும்பாலும் நீளவாக்கில் நெருங்கிப் படிந்துள்ளன. இழுவிசையை அவையே நேராகத் தாங்குவதால் வலிமை மிகுதி. நீளுதற்கு இடம் குறைவு. நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு நீண்டதும் பருத்தியிழை அறுந்துவிடும். நைலானை இழையாக்கியபின் பன்மடங்கு நீட்டி இழுப்பதும் சங்கிலிகளை இவ்வாறு வரிசைப்படுத்தவே. இழுக்க இழுக்க வலிமை ஏறும். எஞ்சிய நீட்சி குறையும்.

இனித் தறிக்கு வருவோம். மிதியை மிதித்துப் பாவு பிரியும் ஒவ்வொரு முறையும் பாவிழை சிறிது நீண்டு, பழைய நீளத்துக்கு மீள வேண்டும். துணியாகுமுன் இது ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது. பெரும்பாரத்தை ஒருமுறை தாங்கவல்ல இழையும், நீளாது விறைத்து நிற்குமாயின், இவ்வேலைக்கு ஆகாது. சற்றுக் குறைந்த பாரமே தாங்கினும், நீண்டு மீளும் இழை தறியில் நிலைக்கும். சிட்டத்தைக் கையால் இழுத்துப் பார்ப்பது பாரத்தையே காட்டும். ஆலைகளின் 'லீ' சோதனைக் கணக்கும் அத்தகையதே. ஒற்றையிழைச் சோதனையின் நீட்சிக் கணக்கையும் சங்கம் கேட்டுப் பெறுதல் நலம். கொடுக்க மனமில்லாத வியாபாரியிடம் வாங்காதிருத்தலும் நலமே.

நல்ல நூலையும் நாமே கெடுத்துவிடக்கூடும். கஞ்சி இழையின் வலிமையைக் கூட்டி, நீட்சியைக் குறைப்பது. அளவு மீறினால் இழை விறைக்கும். ஈரப் பாவை வலிந்து இழுத்துக் கட்டி உலர்த்தினால், நெசவுக்கு வேண்டிய நீட்சி அங்கேயே செலவாகிவிடும். சித்திரை வெயிலின் உலர்ந்த காற்றில் பருத்தி தன் ஈரத்தை இழந்து மேலும் நலிவடையும். குழித்தறியின் மண் ஈரம் பாவைக் காத்து வந்தது. மேடைத்தறிக்கு மாறியோர் தரையில் நீர் தெளித்துக்கொள்ள வேண்டும்.

திருமங்கலம் கரிசலில் பருத்தி பயிரிடும் உறுப்பினர்க்கும் இதில் பங்குண்டு. இழை முதலில் நீளமாக வளர்கிறது. அதன் பின்னரே உட்சுவரில் செல்லுலோஸ் படிந்து கனக்கிறது. முற்றாத காயின் பஞ்சு நீளத்தில் குறைவின்றித் தோன்றும், வலிமை இராது. அதனை நல்ல பஞ்சுடன் கலந்து விற்றால், அறுவது எங்கோ ஒரு நெசவாளரின் பாவு.

சின்னாளப்பட்டிச் சேலைக்குப் பெயர் தந்த செயற்கைப் பட்டாகிய ரேயானும் செல்லுலோஸே. எனினும் சங்கிலிகள் குட்டையானவை, அடுக்கும் தளர்ந்தது. பருத்தி நனைந்தால் வலுக்கும். ரேயானோ வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். ஆகையால் பருத்திப் பாவை ஈரத்துடன் கையாளும் பழக்கம் ரேயான் பாவுக்கு ஆகாது.