பிளம்ஸுக்கு ஆசைப்பட்டேன், இலந்தை வைத்தேன்!

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, கடல் காற்று நேரே வந்து மோதுகிற வீடு எங்களுடையது. கொல்லைப்புறம் என்று பார்த்தால் 15 அடிக்கு 20 அடி. அதிலே துவைக்கிற கல், துணிக்கொடி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு மல்லிகைப் புதர் எல்லாம் போக, ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் மிச்சம். அந்த ஒரு இடத்தை மூன்று வருஷம் வீணடித்துவிட்டு, அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. என்னைப் போல இன்னொரு சகோதரி ஏமாறக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு மே மாதம் கொடைக்கானல் போய் வந்ததில் ஆரம்பித்தது. சாலையோரத்தில் கூடை கூடையாகப் பிளம்ஸ். பிள்ளைகள் சட்டையெல்லாம் சிவப்புச் சாறு வழியத் தின்று தீர்த்தார்கள். அப்போது என் மூத்தவளுக்கு 13 வயசு. அதற்கு ஒரு மாதம் முந்திதான் டாக்டரம்மா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமும் சோதித்து, "பிள்ளைக்கு ரத்தம் குறைவா இருக்கும்மா. மாத்திரையை விடாம குடுங்க. கீரை, பயறு சாப்பிடும்போது கூடவே புளிப்புப் பழம் ஏதாவது குடுங்க, அப்பத்தான் இரும்புச் சத்து உடம்பிலே ஒட்டும்" என்று சொல்லியிருந்தார். வாரா வாரம் பழம் வாங்கக் கட்டுப்படி ஆகுமா? வீட்டிலேயே ஒரு மரம் இருந்தால் என்ன என்று மனசு கணக்குப் போட்டது. வழியில் ஒரு செடிக்கடையில் நிறுத்தச் சொன்னேன். "எந்த மண்ணிலேயும் வரும்மா" என்றார் கடைக்காரர். நம்பி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

மார்பு உயரம் வளர்ந்தது. இலை விட்டது, ஓரம் கருகியது, மறுபடி விட்டது. பூ என்ற பேச்சே இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோடையில் உப்புக் கரிக்கும். அதனால் விலைக்கு வாங்குகிற நல்ல தண்ணீரில் தினம் ஒரு குடத்தை அதற்கு ஊற்றினேன். என் மாமியார் (எனக்கு அத்தை முறை) ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "ஏத்தா, குடிக்கிற தண்ணிய மலட்டுச் செடிக்கு ஊத்திக்கிட்டு இருக்கியே, நல்லா இருக்கா?" என்று கேட்டேவிட்டார். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

எதிர்வீட்டுப் பெண் மதுரை வேளாண்மைக் கல்லூரியில் படித்தவள். லீவுக்கு வந்தபோது செடியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அக்கா, இது குளிரிலே தூங்குற மரம். இலையைக் கொட்டிட்டு, 7 டிகிரிக்குக் கீழே நூத்துக்கணக்கான மணி நேரம் குளிரை வாங்கினாத்தான் பூ மொட்டு முழிக்கும். நம்ம ஊரிலே அதுக்கு எங்கே போறது?" என்றாள். உண்மைதானே! மார்கழிக் குளிர் என்று நாம் போர்த்திக்கொண்டு படுத்தாலும், பாம்பனில் ராத்திரி 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். கொடைக்கானலோ கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. போதாக்குறைக்கு, பிளம்ஸ் உப்பைத் தாங்காத ஜாதியாம். பல ரகங்களுக்கு மகரந்தம் சேர வேறொரு ரக மரமும் பக்கத்தில் வேண்டுமாம். ஒரு மரத்துக்கே இடமில்லாத வீட்டில் இரண்டு மரமா!

சரி, வேறென்ன வைக்கலாம் என்று வீட்டில் ஒரு சபையே கூடியது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு, அவர் நாவல் மரம் என்றார். நாவல் நல்ல மரம்தான். ஆனால் ஓங்கி வளர்ந்து பெரிய மரமாகிவிடும். பழம் விழுந்தால் துவைத்துப் போட்ட வேட்டியெல்லாம் ஊதா. (நாவல் கொட்டைப் பொடியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.) பெரிய மரம் என்றதுமே அத்தை கூடாது என்றார். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அடித்த புயலின்போது அவர் சின்னப் பெண். காற்று என்றால் இன்றைக்கும் அவருக்குத் தூக்கம் வராது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் தென்னைகளைச் சாய்த்ததை டி.வி.யில் பார்த்தபோது, "வீட்டை விட ஒசரமான மரம் வீட்டுக்குப் பக்கத்திலே வேண்டாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. கடற்கரையில் இருக்கிறவர்கள் மரத்தின் பழத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

பாதாம் மரம் கடலோரத்தில் நன்றாக வரும், ஆனால் குடை மாதிரி விரிந்து கொல்லை முழுக்க அடைத்துக்கொள்ளும். சப்போட்டாவும் நாளடைவில் பெரிசாகும். கொய்யா வைத்திருக்கலாம், பக்கத்து வீட்டில் இருக்கிறது. கடைசியில் எதிர்வீட்டுப் பெண்தான், "ஒட்டு இலந்தை வைங்கக்கா" என்றாள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. இலந்தையா? பள்ளிக்கூட வாசலில் கிழவி கூறு கட்டி விற்பாளே, அந்த முள்ளுச் செடியையா காசு கொடுத்து வாங்கி வைப்பது?

ஆனால் அவள் சொன்ன காரணம் மனசில் பதிந்துவிட்டது. பிளம்ஸ் குளிரில் தூங்குகிறது என்றால், இலந்தை வெயிலில் தூங்குகிறதாம்! சித்திரை, வைகாசியில் தண்ணீர் இல்லாவிட்டால் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும். செத்துப் போச்சு என்று நாம் நினைப்போம். அப்புறம் துளிர்த்து, புரட்டாசி, ஐப்பசியில் பூத்து, நமக்கு வருஷத்து மழையில் பெரும் பங்கு பெய்கிற அந்த மூன்று மாசத்தில் காய் பிடித்து, தை, மாசியில் பழுத்துவிடும். நம்ம ஊர் மழைக்கென்றே அளவெடுத்துத் தைத்த மரம்! உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஆப்பிளைவிட வைட்டமின் 'சி' பல மடங்கு அதிகம். இத்தனை வருஷம் மலைப் பழத்துக்கு ஏங்கினோமே என்று இருந்தது.

ஒட்டு ரகங்களில் பனாரஸி, உம்ரான், கோலா, கைத்லி என்று பல உண்டு. காட்டு இலந்தை மாதிரி புளிப்பாய் இருக்காது. பெரிசாய், சதைப்பற்றாய், பச்சையும் மஞ்சளுமாகக் கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். இலந்தை, நெல்லி மாதிரி மானாவாரிப் பழங்களைப் பற்றிக் கேட்க அருப்புக்கோட்டையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இராமநாதபுரத்திலேயே கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. உப்பு மண்காரர்கள் அங்கே போய் விசாரிக்கலாம். முன்பே கேட்காமல் போனது என் தப்பு.

இரண்டாவது தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுக் கன்று என்றால் கீழ்ப்பாகம் காட்டு இலந்தை, மேல்பாகம் நல்ல ரகம். நட்ட வருஷம் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழேயிருந்து தளதளவென்று ஒரு கிளை கிளம்பியது. ஆஹா, எவ்வளவு செழிப்பு என்று அதற்குக் கொம்பு வேறு ஊன்றிக் கட்டினேன்! அது காட்டு இலந்தைக் கிளை. ஒரே வருஷத்தில் மேலே இருந்த நல்ல கிளையைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டது. முள்ளும் சுண்டைக்காய் அளவு காயும்தான் மிச்சம். நான் அழாத குறை.

நல்லவேளை, இலந்தையில் இந்தத் தப்பைத் திருத்தலாம். எங்கள் தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர், எத்தனையோ ஊர்களுக்கு இங்கிருந்துதான் கட்டுக் கட்டாகப் போகிறது. நாற்றுத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு அண்ணனுக்குக் கண் ஒட்டும் கைவந்திருந்தது. சித்திரையில் முழங்கால் உயரத்துக்கு மரத்தை வெட்டச் சொன்னார். வேர் ஆழமாய் இருந்ததால் சட்டென்று துளிர்த்தது. துளிர் பென்சில் கனம் வந்ததும், ஆனி மாசம் நல்ல மரத்திலிருந்து ஒரு கண்ணை எடுத்து வந்து பட்டையைக் கீறிச் செருகிக் கட்டினார். அது பிடித்துக்கொண்டது. அதற்குக் கீழே எது துளிர்த்தாலும் இப்போது விரலால் கிள்ளிவிடுகிறேன். வாரம் ஒருமுறை இதைப் பார்ப்பதை மட்டும் மறக்கவே கூடாது.

தண்ணீருக்கு ஒரு யோசனை. அடியில் சின்ன ஓட்டை போட்டு, பழைய துணித் திரி செருகிய மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்தளவு புதைத்தேன். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாம் அதில்தான். முதல் இரண்டு கோடைக்கு இது போதுமாக இருந்தது. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. எரு, வேப்பம் புண்ணாக்கு எல்லாம் மற்றச் செடிகளுக்குப் போடுகிற மாதிரிதான்.

இலந்தை புதுக் கிளையில்தான் காய்க்கும். அதனால் பழம் முடிந்ததும் பங்குனியில் போன வருஷத்துக் கிளைகளைப் பாதிக்குக் குறைத்து வெட்டிவிட வேண்டும். வெட்ட மனசு வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் வெட்டினால்தான் காய்ப்பு, வெட்டினால்தான் மரமும் நம் கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கும். அத்தைக்கும் நிம்மதி.

குறையே இல்லாத மரமா என்றால், இல்லை. பூ வாசனை நன்றாக இருக்காது, ஈ மொய்க்கும். படுக்கை அறை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். பக்கத்தில் வேறொரு இலந்தை இருந்தால்தான் காய்ப்பு நன்றாக இருக்கும். எங்களுக்குத் தெருக்கோடியில் ஒரு நாட்டு இலந்தை இருப்பது அதிர்ஷ்டம். பழத்தில் புழு வைக்கும், அது பழ ஈயின் வேலை. விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கி, தூரத்தில் ஆழமாய்ப் புதைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். பிஞ்சில் வெள்ளையாய்ச் சாம்பல் பூத்தால், நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, மூக்கை மூடிக்கொண்டு தெளிக்க வேண்டும். ஒட்டு ரகத்திலும் முள் உண்டு. தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் வெட்டிய கிளைகளை உடனே அப்புறப்படுத்திவிடுங்கள். இளம் தாய்மார்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலந்தைக் கொட்டை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். சின்னக் குழந்தைகளுக்குக் கொட்டையை எடுத்துச் சதையை மட்டும் நசுக்கிக் கொடுங்கள்.

கண் ஒட்டு வைத்த மூன்றாம் வருஷத் தையில் ஒரு முறம் பழம் கிடைத்தது. போன மாசியில் எடுத்ததைப் பங்கு போட்டே கை வலித்தது. மூத்தவளுக்கு மாத்திரை முடிந்து, ரத்தமும் தேறிவிட்டது. அது முழுக்க இலந்தையால் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முருங்கைக்கீரைச் சோற்றோடு நாலு பழம் அவள் இலையில் தவறாமல் இருந்தது.

மிஞ்சினதை அத்தை இலந்தை வடையாகத் தட்டிவிடுவார். நன்றாய்ப் பழுத்த பழத்தைக் கொட்டை நீக்கி உரலில் போட்டு, வெல்லம், காய்ந்த மிளகாய், உப்பு, கொஞ்சம் பெருங்காயம், புளிப்பு போதாவிட்டால் துளி புளி சேர்த்து இடிக்க வேண்டும். சின்னச் சின்ன வில்லைகளாய்த் தட்டித் துணியில் பரப்பி இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்தால் போதும். ஈரமில்லாத ஜாடியில் போட்டால் பல மாதம் கெடாது. எங்கள் வீட்டில் ஆடி வரைக்கும்கூட வருவதில்லை. மலட்டுச் செடி என்று திட்டினவரே ராத்திரியில் ஜாடி மூடியைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கத்தான் செய்கிறது!