பாம்பன் தீவில் குடும்பக் கடலோர விடுமுறை

பாம்பன் தீவு, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், இந்தியாவின் முதன்மை நிலப்பரப்புக்கும் இலங்கைக்கும் இடையே அமைந்துள்ள சிறு தீவாகும். இது இராமேசுவரம் தீவு என்றும் அழைக்கப்படுகிறது. இராமநாதசுவாமி கோயிலுக்கு வரும் பயணிகளால் அறியப்பட்ட இத்தீவுக்கு, அண்மைக் காலமாகக் கடலைக் காண்பதற்காகவே குழந்தைகளுடன் வரும் குடும்பங்களும் பெருகியுள்ளன. கோயில் பயணத்தைத் திட்டமிடுவதற்கும் கடலோர விடுமுறையைத் திட்டமிடுவதற்கும் வேறுபாடு உண்டு. கோயிலுக்கு எந்த மாதத்திலும் செல்லலாம். கடலுக்கு அவ்வாறு செல்ல இயலாது. இத்தீவின் இரு பக்கங்களிலும் இரு வேறு கடல்கள் உள்ளன. அவற்றுள் எது குழந்தைகள் இறங்கத்தக்க அளவு அமைதியாக இருக்கும் என்பதை அந்தந்த மாதத்தின் காற்றே முடிவு செய்கிறது.

இரு கடல்கள்

தீவின் வடபுறம் பாக் நீரிணைப் பகுதியின் கடலும், தென்புறம் மன்னார் வளைகுடாவும் உள்ளன. தீவு மேற்கே பாம்பனில் தொடங்கி, தென்கிழக்கே ஒடுங்கி நீண்டு, அரிச்சல்முனை என்னும் மணல் முனையில் முடிகிறது. தனுஷ்கோடிப் பகுதியில் நிலம் மிகவும் குறுகலாக இருப்பதால், சாலையில் நின்றபடியே இரு கடல்களையும் காணலாம்.

வடகடல் ஆழம் குறைந்தது. இலங்கையும் தமிழகக் கரையும் அதைச் சூழ்ந்திருப்பதால் பெருங்கடலின் அலைகள் அதற்குள் எளிதில் நுழைவதில்லை. மன்னார் வளைகுடாவோ தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்துள்ளது. தொலைவில் எழும் அலைகளும் அதன் கரைக்கு வந்து சேரும். இதனால் உள்ளூர் மக்கள் வடகடலைப் 'பெண் கடல்' என்றும் தென்கடலை 'ஆண் கடல்' என்றும் கூறுவர்.

இப்பெயர்களை மட்டும் கேட்டறிந்து வரும் பயணிகள், பெண் கடல் எப்போதும் அமைதியாக இருக்கும் என்று எண்ணிவிடுகின்றனர். அது சரியன்று.

காற்றும் கடலும்

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்றை மீனவர்கள் 'கச்சான்' என்பர். அக்காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிப்பாக இருக்கும். தீவே ஒரு தடுப்பாக நிற்பதால் வடகடல் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். தனுஷ்கோடிச் சாலையில் மணல் பறந்து வந்து படிவதும் இக்காலத்தில்தான்.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், அதன் பின் சில வாரங்களும் 'வாடை' வீசும். அப்போது நிலை தலைகீழாகிறது. காற்றை நேரே எதிர்கொள்ளும் வடகடல் கலங்கிக் கொந்தளிக்கும். 'பெண் கடல்' என்ற பெயரை நம்பி, இம்மாதங்களில் வடகரையில் குழந்தைகளை இறக்கிவிடுவது தவறாகும். தென்கடல் அப்போது சற்று அடங்கினாலும், அது திறந்த கடல் என்பதை மறக்கக்கூடாது.

இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று தணிந்து, மழையும் குறைவாக இருக்கும். கடலைப் பொறுத்தவரை குடும்பங்களுக்கு மிகவும் ஏற்ற காலம் அதுவே.

பள்ளி விடுமுறைகளும் ஏற்ற காலமும்

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பயணம் செய்வது பெரும்பாலும் இயலாது. கிடைக்கும் விடுமுறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது.

பொங்கல் விடுமுறை: வெயில் மிதமாக இருக்கும். வடகரையில் வாடையின் தாக்கம் தொடரலாம். தை அமாவாசை அருகில் வந்தால் கூட்டம் மிகும்.

கோடை விடுமுறை: ஏப்ரல் இறுதியில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்தில் கச்சான் வலுக்கத் தொடங்குவதால் வடகரையே நல்லது. வெயிலும் புழுக்கமும் கடுமையாக இருக்குமாதலால், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் மட்டுமே கடற்கரையில் இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாட்களில் நாட்டுப்படகு மீன்களே சந்தைக்கு வரும்.

காலாண்டு விடுமுறை: கச்சான் ஓயும் காலம். மகாளய அமாவாசை இக்காலத்தை ஒட்டி வருவதால், நாட்காட்டியைப் பார்த்தே தங்குமிடம் பதிவு செய்ய வேண்டும்.

அரையாண்டு விடுமுறை: டிசம்பர் இறுதியில் மழையும் புயலும் வர வாய்ப்புண்டு. 1964 டிசம்பர் 22, 23 ஆகிய நாட்களின் இடைப்பட்ட இரவில் தாக்கிய புயலே தனுஷ்கோடி நகரை அழித்து, பயணிகளுடன் வந்த தொடர்வண்டியையும் கடலில் மூழ்கடித்தது. இவ்விடுமுறையில் வருவோர், வானிலை மாறினால் பயணத்தைத் தள்ளிவைக்க ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இவற்றுடன் ஆடி அமாவாசை, மகாசிவராத்திரி ஆகிய நாட்களிலும் ஊர் நிரம்பி வழியும். வழிபாடே நோக்கமாக இல்லாத குடும்பங்கள் இந்நாட்களைத் தவிர்ப்பது நன்று.

சென்று சேர்தல்

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் தொடர்வண்டிப் பாலம், முக்கால் நூற்றாண்டுக் காலம் தீவின் ஒரே நிலத் தொடர்பாக இருந்தது. 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கப்பட்டது. பழைய தொடர்வண்டிப் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2 கி.மீ. நீளமுள்ள இப்பாலத்தில், கப்பல்களுக்கு வழிவிடுவதற்காக 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி செங்குத்தாக மேலே உயர்த்தப்படுகிறது. இது பிள்ளைகள் விரும்பிக் காணும் காட்சியாகும்.

தொடர்வண்டியில் முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. கோடை விடுமுறைக்கு வருவோர் தொடக்க நாளிலேயே பதிவு செய்தால்தான் குடும்பம் முழுவதற்கும் ஒரே பெட்டியில் படுக்கை கிடைக்கும். காற்று மிகும்போது பாலத்தில் தொடர்வண்டிகள் நிறுத்தப்படுவதும் உண்டு. ஆகவே, ஊர் திரும்பும் நாளை அடுத்த நாளே தேர்வோ முக்கியப் பணியோ வைத்துக்கொள்ளக் கூடாது. அருகிலுள்ள வானூர்தி நிலையம் மதுரையில் உள்ளது. அங்கிருந்து சாலைத் தொலைவு ஏறத்தாழ 170 கி.மீ. ஆகும்.

நாட்களைப் பங்கிடுதல்

இரண்டு இரவுகள், மூன்று நாட்கள் என்பது குறைந்த அளவு. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால், உச்சி வெயிலில் கடற்கரையில் நிற்க நேரிடும்.

முதல் நாள்: கோயிலைச் சுற்றியுள்ள பகுதி. கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களில் நீராட விரும்புவோர் மாற்றுடை கொண்டு செல்ல வேண்டும். தரை வழுக்கும் என்பதால் முதியோரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். கிழக்கே உள்ள அக்னி தீர்த்தக் கடல், முன்னோருக்குத் திதி கொடுப்போர் கூடும் இடம். அது குழந்தைகள் விளையாடுவதற்கான கடற்கரை அன்று.

இரண்டாம் நாள்: விடியற்காலையில் தனுஷ்கோடி. இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது. 2017-இல் சாலை திறக்கப்பட்ட பின் சொந்த வாகனத்திலேயே முனை வரை செல்லலாம். பழைய தேவாலயம், தொடர்வண்டி நிலையம் ஆகியவற்றின் சிதைவுகளை வழியில் காணலாம். குளிர்காலத்தில் பூநாரைகள் வருவதுண்டு. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். புயலில் நிலைத்து நின்ற கோதண்டராமர் கோயில் இவ்வழியில் உள்ளது.

மூன்றாம் நாள்: குடியரசுத் தலைவராக இருந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் இல்லமும், பேக்கரும்பில் உள்ள அவரது நினைவிடமும். பின்னர் தீவின் தென்மேற்கே குந்துகால். 1897 சனவரியில் கொழும்பிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கிய இடம் இது.

மணலில் விளையாடவும் கால் நனைக்கவும் வடகிழக்கே உள்ள சங்குமால், ஓலைக்குடா கரைகள் உள்ளன. அங்குப் பவளப்பாறைத் துண்டுகள் காலைக் கிழிக்கும் என்பதால் காலணி தேவை. தீவுக்கு வெளியே, உச்சிப்புளி அருகே சவுக்குத் தோப்புடன் கூடிய அரியமான் கடற்கரையும் குடும்பங்களுக்கு ஏற்றது. இவை யாவும் வடகடலைச் சார்ந்தவை. எனவே கச்சான் காலத்துக்கு உரியவை, வாடைக் காலத்துக்கு அல்ல.

கடலில் இறங்குமுன்

அரிச்சல்முனையில் இரு கடல்களும் சந்திக்கின்றன. நீரோட்டம் திசை மாறிக்கொண்டே இருக்கும். மணல் சட்டெனச் சரிந்து ஆழமாகும். அங்குக் கால் நனைப்பதையும் தவிர்த்து, கண்டு மகிழ்வதுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மற்றக் கரைகளிலும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கரையில் மோதும் அலைகளின் நீர் திரும்பிச் செல்ல ஒரு வழி வேண்டும். அது மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியாக விரைந்து கடலுக்குள் ஓடும். அந்த இடத்தில் அலைகள் உடையாமல், நீர் அமைதியாகத் தோன்றும். நீச்சல் தெரியாதவர்கள் "இங்கு அலை இல்லை" என்று தேர்ந்தெடுத்து இறங்குவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். இரு பக்கமும் அலை உடைய, நடுவே மட்டும் நீர் கலங்கலாகவோ கருத்தோ தெரிந்தால், அது இழுக்கும் நீரோட்டமாக இருக்கலாம்.

அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். நீரோட்டம் அகலம் குறைந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, அதன் பின் கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த இயலாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். கரையில் இருப்பவர் பதற்றத்தில் தாமும் குதிக்காமல், கயிறு, காலிக் குடம், மிதவை என எது கிடைத்தாலும் எறிய வேண்டும். ஒருவரைக் காக்க மற்றொருவர் இறங்கி, இருவரையும் இழந்த குடும்பங்கள் உண்டு.

குழந்தைகள் நீரில் உள்ளவரை, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். அவர் கையில் அலைபேசி இருக்கக்கூடாது. "எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிட்டால், யாரும் பார்க்காத ஒரு நிமிடம் வந்துவிடும். எனவே, இன்னார் இந்த அரைமணி நேரம் என்று முறை வைத்துக்கொள்வது சிறந்தது.

எச்சரிக்கைகளை அறிதல்

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண்களைக் கொண்டது. முதல் இரண்டும் தொலைவில் உள்ள புயலையும், 3, 4 ஆகியவை துறைமுகத்தைப் பாதிக்கக்கூடிய வானிலையையும், 5 முதல் 10 வரை அபாயத்தையும் குறிக்கும். 11, வானிலை மையத்துடனான தொடர்பு அறுந்ததைக் குறிக்கும். எந்தக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தாலும் கடலில் இறங்கக்கூடாது என்பதே பயணிகளுக்கான எளிய விதி.

வானம் தெளிவாக இருக்கும்போதும் அபாயம் வரலாம். தொலைவில் உள்ள பெருங்கடலில் எழுந்த அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் கரையைத் தாக்குவதைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தபோது, கடல் சீற்றம் குறித்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதனுடன், கரையில் வலை சீர்செய்துகொண்டிருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் பயன் தரும். "இன்றைக்கு இறங்க வேண்டாம்" என்று அவர் சொன்னால், பிள்ளைகள் அழுதாலும் இறங்கக்கூடாது.

அவசர ஊர்திக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 ஆகிய எண்களை வீட்டில் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவையும் எடுத்து வரக்கூடாதவையும்

தனுஷ்கோடிப் பகுதியில் நிழல் மிகக் குறைவு. தொப்பி, குடை, ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க்கரைசல் பொட்டலம், முதியோர் அன்றாடம் உண்ணும் மருந்துகள் ஆகியவை கையோடு இருக்க வேண்டும். கரையொதுங்கிய சொறிமீனைக் குழந்தைகள் தொட விடக்கூடாது. அது இறந்த பின்பும் கொட்டும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல் நீரால் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தீவின் தெற்கே, இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே பரவியுள்ள 21 தீவுகள் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. இப்பூங்கா 1986-இல் அமைக்கப்பட்டது. குருசடைத் தீவு போன்றவற்றுக்கு வனத்துறை அனுமதியின்றிச் செல்லக்கூடாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. இவற்றை எடுப்பதும் வாங்குவதும் குற்றமாகும். பிள்ளைகளுக்கு நினைவுப் பொருள் வேண்டுமெனில், கடைகளில் விற்கும் சிப்பிக் கைவினைப் பொருட்களை வாங்கலாம். பாலம் உயர்வதையும் இரு கடல்களின் நிற வேறுபாட்டையும் வரைந்துவரச் சொல்லலாம்.